ரஜிதாவின் சுண்ணாம்புக் குழாய்

விசாரணை நடந்த வியாழக்கிழமை பிற்பகல், விடுதியின் சாப்பாட்டு மண்டபத்தில் ஐந்து பேர் இருந்தார்கள். ஜன்னலோர நீள மேசையின் தலைமாட்டில் விடுதியின் சொந்தக்காரி முனவ்வரா மேடம். அவருடைய வலப்பக்கம், கோப்பொன்றை விரித்து வைத்துக்கொண்டு மேனேஜர் மைக்கல். இடப்பக்கம் காசாளர் ரொஷானி, கூட்டக் குறிப்பு எழுதும் கொப்பியோடு. தலைமைச் சமையற்காரர் அழகமுத்து மேசைக்கு வராமல் குசினிக் கதவோரக் கதிரையில் பாதி உடம்பை மட்டும் வைத்திருந்தார். கூப்பிட்டால் ஓடுவதற்கா, கூப்பிடாமலே ஓடுவதற்கா என்று தெரியவில்லை. மேசையின் கால்மாட்டில் ரஜிதா, களஞ்சியப் பொறுப்பாளர். அவளுக்கென்று யாரும் கதிரை போட்டிருக்கவில்லை. அழகமுத்துதான் ஒன்றைத் தூக்கி வந்து போட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் திரும்பிப் போனார்.

அவள் நிமிர்ந்தால் மேடத்தின் தலைக்கு மேலே மீன் தொட்டி தெரிந்தது. ஆறடி நீளத் தொட்டி. அடியில் வெள்ளைச் சேறு படிந்திருந்தது. மீன் ஒன்றுகூட இல்லை.

றத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறுகிற வீதியில், மழையையும் பனியையும் பார்க்க வருகிறவர்களுக்குக் கடலையும் காட்ட வேண்டும் என்பது முனவ்வரா மேடத்தின் ஆசை. திருகோணமலைக்குப் போய்த் திரும்பும் மரக்கறி லொறியில் பிளாஸ்டிக் கான் கானாகக் கடல்நீர் வந்தது. கோமாளி மீன் ஒரு சோடி, நீல மீன் ஒன்று, மஞ்சள் மீன்கள், பவளக் கொத்துகள். வந்தவர்கள் கோழிக்கறியை ஆறவிட்டுவிட்டுத் தொட்டிக்கு முன்னால் நின்றார்கள். ஆனால் மூன்றாம் மாதமே பவளம் வெளுக்கத் தொடங்கியது.

கடல்நீரில் காரம் ஓரளவு இருந்தாக வேண்டும். அதை பி.எச். என்ற எண்ணால் அளப்பார்கள். கடலில் அது எட்டுக்குச் சற்று மேலே நிற்கும். மண்டபத்துத் தொட்டியிலோ ஏழரைக்கும் எட்டுக்கும் நடுவில் தள்ளாடியது. தொட்டியை விற்றவர்கள் வெளிநாட்டுக் கருவி ஒன்றை வாங்கச் சொன்னார்கள். மேடம் கையை விரித்துவிட்டார்.

அப்போது யாரும் கேட்காமலே ரஜிதா ஒரு வேலை செய்தாள். ஒரு மாதம் முழுக்க, நாளுக்கு மூன்று தடவை நீரை அளந்து கொப்பியில் எழுதினாள். எண்ணுக்குப் பக்கத்தில், அன்றைக்கு மண்டபத்தில் எத்தனை பேர் சாப்பிட்டார்கள், ஜன்னல் திறந்திருந்ததா என்பதையும் எழுதினாள். மாத முடிவில் கொப்பியே பதில் சொல்லியது. காற்றுக்குப் பயந்து ஜன்னல்களைச் சாத்திக்கொண்டு கூட்டம் நிறைந்திருந்த நாளெல்லாம் எண் இறங்கியிருந்தது. காலையில் கூட்டிப் பெருக்க ஜன்னலைத் திறந்தபின் ஏறியிருந்தது. ஆட்களின் மூச்சும் கேஸ் அடுப்பின் ஆவியும்தான் நீரில் கரைந்து அதைப் புளிக்கச் செய்கின்றன.

பத்தாம் வகுப்பில் சுண்ணாம்பு நீருக்குள் குழல் வைத்து ஊதியது அவளுக்கு நினைவிருந்தது. ஊத ஊதத் தெளிந்த நீர் பாலாகும். மூச்சைச் சுண்ணாம்பு விழுங்கிவிடும் என்றால், தொட்டிக்கும் அதைக் கொடுத்துப் பார்க்கலாமே.

தம்பி சசிக்குமார் றத்தோட்டையில் ஆட்டோ ஓட்டுகிறவன். அவன் ஒரு பழைய வேனின் வைப்பர் மோட்டாரைக் கழற்றித் தந்தான். நாலு அங்குல பிவிசி குழாயை நெஞ்சளவுக்கு வெட்டி, அடியை மூடி ஒட்டி, அதைச் சுவரோடு நிற்க வைத்தாள். உச்சியில் மோட்டார். அதிலிருந்து அடிவரை இறங்கும் கம்பியின் நுனியில், உடைந்த அகப்பையின் தலையைத் துடுப்பாகக் கட்டினாள். மேலே ஒரு தண்ணீர்க் கான். கானிலிருந்து குழாயின் அடிவரை, பார்மசியில் வாங்கிய சேலைன் குழாய். குழாயின் கழுத்தில் ஒரு சின்ன மூக்கு, தொட்டியைப் பார்த்தபடி.

வேலை இப்படித்தான். காலையில் குழாய்க்குள் சுண்ணாம்பைப் போட்டு, கால் மணி நேரம் மோட்டாரை ஓடவிட வேண்டும். பிறகு நிறுத்தி, நாலு மணி நேரம் தொடாமல் விட வேண்டும். சுண்ணாம்பு அடியில் படிந்து, மேலே தெளிந்த நீர் நிற்கும். அதன் பிறகுதான் சேலைன் குழாயைத் தளர்த்திச் சொட்டு விடலாம். குழாயின் அடிக்கு இறங்கும் ஒவ்வொரு சொட்டுக்கும் மேலே மூக்கு வழியாக ஒரு சொட்டுத் தெளிநீர் தொட்டிக்குள் போகும். ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது: மோட்டாரும் சொட்டும் ஒரே நேரத்தில் ஓடவே கூடாது. ஓடினால் தெளிநீருக்குப் பதிலாகச் சுண்ணாம்புப் பால் தொட்டிக்குள் கொட்டும். மீன் செவுள் வெந்து செத்துப்போகும்.

சுண்ணாம்பு உயிரோடு இருக்கிறதா என்று பார்க்க அவளுக்கு மீற்றர் தேவைப்படவில்லை. சடங்குகளுக்கு ஆலாத்தி கரைத்த கைக்குத் தெரியும், மஞ்சளில் நல்ல சுண்ணாம்பு பட்டால் சிவக்கும். அந்த மலைப் பனியில் மூட்டையை வாய் திறந்து வைத்தால் ஒரு வாரத்தில் சுண்ணாம்பு செத்து வெறும் மாவாகிவிடும். மஞ்சள் மஞ்சளாகவே கிடக்கும். அதனால் பால்மா டின்களில் அடைத்து, மூடிக்கு மேல் டேப் சுற்றி வைத்தாள்.

இரண்டு வாரத்தில் எண் எட்டைத் தாண்டியது. பவளம் நிறம் பிடித்தது.

அன்றிலிருந்து அது மைக்கல் சாரின் கருவி. வருகிறவர்களைத் தொட்டிக்கு முன்னால் கூட்டிப்போய், “வெளிநாட்டுல லட்சக்கணக்குல விக்கிறாங்க, நாங்க வைப்பர் மோட்டார்ல செஞ்சோம்” என்பார். ‘நாங்க’ கொஞ்ச நாளில் ‘நான்’ ஆனது. ரஜிதா களஞ்சிய அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள். மனசு குறுகுறுக்கும். ஆனாலும் மீன்கள் நீந்துகின்றனவே என்று விட்டுவிடுவாள். எட்டு மாதம் அப்படிப் போனது.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. அக்கா மகளின் சடங்குக்காக ரஜிதா வில்கமுவவுக்குப் போயிருந்தாள். போகுமுன் எல்லாவற்றையும் நிறுத்தி, சுவிட்சுக்கு மேல் ‘தொட வேண்டாம்’ என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் போனாள். அந்தப் பக்கம் பஸ் கிடைப்பது குதிரைக் கொம்பு. திங்கட்கிழமை மதியம் அவள் வந்து சேர்ந்தபோது தொட்டி பாலாக நின்றது. பதினொரு மீன்களையும் அழகமுத்து வாளியில் அள்ளி வைத்திருந்தார். ஒட்டியிருந்த தாளைக் காணோம்.

விசாரணையில் மைக்கல் முதலில் பேசினார். ஞாயிறு காலையிலிருந்தே தான் மாத்தளை டவுனில் சாமான் வாங்கிக்கொண்டிருந்ததாகவும், மூன்று மணிக்குத் திரும்பியபோது தொட்டி வெள்ளையாகிக் கிடந்ததாகவும் சொன்னார். கருவி தானாகவே கெட்டிருக்க வேண்டும், குசினிச் சாமானை வைத்துச் செய்தது வேறெப்படி இருக்கும் என்றார். அந்தக் கருவியை யார் செய்தது என்று மேடம் கேட்டபோது, கண்ணிமைக்காமல் ரஜிதாவைக் காட்டினார்.

மோட்டார் தானாக ஓடாது, யாரோ சுவிட்சைப் போட்டுச் சொட்டையும் திறந்திருக்கிறார்கள் என்று ரஜிதா சொன்னாள். யார் என்று மேடம் கேட்டார். அவளுக்குத் தெரியாது. அழகமுத்துவைக் கேட்டார்கள். குருநாகலிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆட்கள், அறுபது சாப்பாடு, அடுப்படியை விட்டு அசையவில்லை என்று அவர் தரையைப் பார்த்துச் சொன்னார்.

“மகள், உங்களில குற்றம் இருக்கெண்டு நான் இன்னும் சொல்லல்ல” என்றார் மேடம். “எழுதினத வாசிச்சுப் பாத்து, சரியெண்டா மட்டும் கையெழுத்து வைங்க.”

ரொஷானி கொப்பியை நீட்டினாள். அதில் நாலாவது வரி இப்படி இருந்தது: ‘மேற்படி கருவியை வடிவமைத்துச் செய்தவர் செல்வி ரஜிதா என்பது உறுதி செய்யப்பட்டது.’

ரஜிதா அந்த வரியை இரண்டு முறை வாசித்தாள். எட்டு மாதத்தில் முதல் தடவையாக அது எழுத்தில் வந்திருக்கிறது. அதற்குக் கீழே என்ன எழுதியிருக்கிறது என்பதை அவள் சரியாக வாசிக்கவில்லை. பற்றுச்சீட்டில் ஒரு கிராம் பிசகினாலும் லொறியைத் திருப்பி அனுப்புகிறவள், அன்றைக்கு ஒரு வரியின் சந்தோஷத்தில் முழுப் பக்கத்துக்கும் கையெழுத்துப் போட்டாள்.

“பாத்தீங்களா மேடம், அவங்களே ஒத்துக்கிட்டாங்க” என்றார் மைக்கல்.

ஆறாவது வரி, கருவியின் கோளாறால் ஏற்பட்ட இழப்புக்குச் செய்தவரே பொறுப்பு என்றிருந்தது. சனிக்கிழமை வேலை நீக்கக் கடிதம் கைக்கு வந்தது. அன்றிலிருந்து மைக்கல் அவளுக்கு ‘அவர்’ இல்லை, ‘அவன்’.

வேலை போனதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். பலாபத்வலயில் ஒரு ஹோட்டலில் களஞ்சியத்துக்கு ஆள் கேட்டிருந்தார்கள் என்று போனாள். அங்கிருந்தவர் சான்றிதழ்களையெல்லாம் புரட்டி, நல்ல எழுத்து என்று பாராட்டி, கடைசியாகப் பெயரைப் பார்த்தார்.

“ரிவர்ஸ்டன் ரோட்டுல மீனை அவிச்ச புள்ள நீங்கதானா?”

பக்கத்திலிருந்தவர் சிரித்துவிட்டார். உக்குவளையிலும் இதே கதை. மாத்தளை டவுனில் ஒரு கடையில் கேள்விகூட இல்லை. அவளைக் கண்டதும் முதலாளி உள்ளே போய்விட்டார். விடுதி, ஹோட்டல், சாமான் கொண்டுவரும் லொறிக்காரர்கள் எல்லாம் ஒரே சங்கிலி. அதன் ஒரு முனையில் மைக்கல் இருந்து ஆட்டினால் மறுமுனை வரைக்கும் ஆடும். படித்த பெயரும் பத்து வருஷம் உழைத்த பெயரும் போய், மீனை அவித்தவள் என்ற பெயர்தான் மிஞ்சியது. அது துடைபடாமல் இந்த மாவட்டத்தில் அவளுக்கு வேலை இல்லை.

சசிக்குமாருக்கு அவளைவிடக் கோபம். “அந்தாளோட பைக் டேங்குல ஒரு கிலோ சீனி போட்டுட்டு வரவாக்கா?” என்று சாப்பிடும்போதெல்லாம் கேட்பான்.

“சீனி விக்கிற வெலைக்கு அந்தாளு அவ்வளவுக்கு இல்ல. கொழம்ப ஊத்திக்க.”

ஆனால் அவள் மனசிலும் சோறு கொதிப்பது போல அதுதான் கொதித்துக்கொண்டிருந்தது. துணி துவைக்கும்போதும் அரிசி களையும்போதும் மைக்கலின் முகத்தை நினைத்துக்கொண்டாள். சத்தம் போட்டுத் திட்டுவதிலோ மண்ணை வாரித் தூற்றுவதிலோ அவளுக்கு நம்பிக்கை இல்லை. எதையும் வரிசையாக, எண் போட்டுச் செய்து பழகியவள். பழியையும் அப்படித்தான் செய்ய வேண்டும் என்று நினைத்தாள். வழிதான் கிடைக்கவில்லை.

இரண்டு மாதம் கழிந்து ஒரு புதன்கிழமை, வழி தானாகவே படியேறி வந்தது. அழகமுத்து ஈரக் குடையை வாசலில் சாத்திவிட்டு நின்றார். ரஜிதா உள்ளே வரச் சொல்லவில்லை.

“புது மீனு எறக்கியிருக்காங்க புள்ள” என்றார் அவர். “மேனேஜரு அந்த கொழாய மறுபடி மாட்டி என்னென்னமோ செய்றாரு. ஒண்ணும் ஏறல. ஒனக்கு போன் எடுத்தாராம், வேல செய்யலயாம்.”

“அந்தாளு நம்பர நான் புளொக் பண்ணிட்டேன் அண்ணே.”

“அதான் இத குடுத்துவிட்டாரு.” சட்டைப் பையிலிருந்து மடித்த தாளொன்றை எடுத்தார். “வெள்ளிக்கெழம சந்தைக்கு வருவேன். பதில் இருந்தா வாங்கிட்டு வரச் சொன்னாரு.”

தாளைக் கொடுத்தும் அவர் போகவில்லை. தனக்கு இரண்டு பெண் பிள்ளைகள் இருப்பதைச் சொன்னார். அது அவளுக்கு முன்பே தெரிந்த விஷயம்தான் என்பதும் அவருக்குத் தெரியும்.

“நான் உங்கள ஒண்ணும் கேக்கலயே அண்ணே” என்றாள் ரஜிதா. அவர் குடையை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

விடுதியின் பெயர் அச்சிட்ட தாளில், நாள் போட்டு, மைக்கல் தன் கையால் எழுதியிருந்தான்:

‘ரஜிதா, புது மீன்கள் வந்து பத்து நாளாகிறது. பி.எச். 7.6க்கு மேல் ஏறவில்லை. பலாபத்வலயில் ஒரு மூட்டை சுண்ணாம்பு எடுத்து ஸ்டோரில் வைத்து, முந்தி மாதிரியே போட்டுப் பார்த்தேன். மோட்டார் ஓடும்போது சொட்டைத் திறந்தால் பாலாகிவிடும் என்பதை அன்றைக்கே கண்டுகொண்டேன், அதை மறுபடி செய்ய மாட்டேன். எத்தனை கரண்டி, எவ்வளவு நேரம், எது முதலில் என்று வரிசையாக எழுதி அழகமுத்துவிடம் கொடு. மாத முடிவில் மேடம் ஆட்களைக் கூட்டி வருகிறார். அவருக்கு இது தெரிய வேண்டாம். உன்னை மறுபடி எடுப்பது பற்றிப் பிறகு பார்க்கலாம். — மைக்கல்.’

ரஜிதா வாசித்தபோது அவள் கண்ணில் பட்டவை இரண்டுதான்: ‘கொடு’, ‘உன்னை’. விசாரணையில் மேடத்துக்கு முன்னால் நீங்க, வாங்க. ஆளில்லாத இடத்தில் உன்னை, கொடு. காது மடல் சூடேறியது. மிச்சத்தை வாசித்தாளே தவிர, அது உள்ளே இறங்கவில்லை.

சுண்ணாம்பு ஏன் வேலை செய்யவில்லை என்பது மட்டும் அவளுக்கு உடனே புரிந்தது. மூட்டையை வாய் திறந்தபடி ஸ்டோரில் வைத்திருப்பான். அந்தப் பனியில் அது என்றைக்கோ செத்திருக்கும். செத்த சுண்ணாம்பை மூட்டை மூட்டையாகக் கொட்டினாலும் எண் ஏறாது. நல்ல சுண்ணாம்பைக் கொடுத்து, வரிசையை மட்டும் மாற்றிக் கொடுத்தால்?

அந்த எண்ணம் வந்ததும் அவள் எழுந்துபோய்க் கதவைச் சாத்தினாள்.

அன்று மாலைக்குள் அவள் எல்லாவற்றையும் யோசித்து முடித்திருந்தாள். பன்னிரண்டு படிகள். பதினொன்று சுத்தமான உண்மை. புதுச் சுண்ணாம்பு வாங்குவது, மஞ்சளில் தொட்டுப் பார்ப்பது, டின்னில் அடைப்பது, கானைக் கழுவுவது எல்லாம் அப்படியே. ஏழாவது மட்டும் பொய்: ‘சொட்டு விடும் நேரம் முழுக்க மோட்டார் ஓட வேண்டும்.’ மாத முடிவில் மேடம் ஆட்களைக் கூட்டி வருவார். அத்தனை பேருக்கும் முன்னால் அவன் நெஞ்சை நிமிர்த்திச் சுவிட்சைப் போடுவான். தொட்டி கண்ணெதிரே பாலாகும். அப்போது டவுனுக்குப் போயிருந்தேன் என்று சொல்ல முடியாது. குசினிச் சாமான் என்று சொல்ல முடியாது. அவனுடைய முகம் எப்படிப் போகும் என்று நினைத்துப் பார்த்தாள். நெடுநாளைக்குப் பிறகு இரண்டு தரம் சோறு போட்டுச் சாப்பிட்டாள்.

மறுநாள் காலை, அரை வாளி நீரில் உப்பைக் கரைத்து, சுண்ணாம்புப் பாலைக் கரண்டி கரண்டியாக விட்டுப் பார்த்தாள். மஞ்சள் தடவிய தாள் எத்தனையாவது கரண்டியில் சிவக்கிறது என்று எழுதி வைத்தாள். நாலாவதில் சிவந்தது. தொட்டியின் அளவுக்குப் பெருக்கிப் பார்த்தாள். தொட்டி பாலாக இருபது நிமிஷம் போதும்.

சசிக்குமார் ஆட்டோவைக் கழுவிவிட்டு வந்து எட்டிப் பார்த்தான். “ஆலாத்தி யாருக்குக்கா?”

“மைக்கலுக்கு.”

அவன் விளங்காமல் சிரித்துவிட்டுப் போனான்.

மேசையில் உட்கார்ந்து நல்ல தாளை எடுத்தாள். ஒன்று முதல் ஆறு வரை, தட்டச்சில் அடித்தது போலத் தெளிவாக எழுதினாள். ஏழாவதை எழுதிவிட்டு நிறுத்தினாள். எதை எழுதினாலும் ஒருமுறை சரிபார்க்காமல் அடுத்த வரிக்குப் போவது அவளுக்குப் பழக்கமில்லை. இந்த வரியை வாசித்தால் அவனுக்குச் சந்தேகம் வருமா? அவனுக்குக் கருவியைப் பற்றி எவ்வளவு தெரியும்? அதைப் பார்க்கத்தான் அவனுடைய தாளை மறுபடி விரித்தாள்.

‘மோட்டார் ஓடும்போது சொட்டைத் திறந்தால் பாலாகிவிடும் என்பதை அன்றைக்கே கண்டுகொண்டேன்.’

முதலில் அவளுக்கு வந்தது எரிச்சல்தான். சே, இவனுக்கு இது தெரிந்திருக்கிறதே, ஏழாவது பலிக்காதே. எட்டாவதிலோ ஒன்பதாவதிலோ பொய்யை மாற்றி வைக்கலாமா என்று பேனாவைக் கடித்தாள்.

பிறகுதான் பேனாவைக் கீழே வைத்தாள்.

அன்றைக்கே. எந்த அன்றைக்கு? அவளில்லாமல் அந்தக் குழாய் ஓடியது ஒரே ஒரு நாள்தான்.

“சசி” என்று கூப்பிட்டாள். அவன் ஈரக் கையோடு வந்தான். “இந்த வரிய வாசி.”

அவன் எழுத்துக்கூட்டி வாசித்தான். “இதுல என்னக்கா? ஒன்ன எடுக்கிறேன்னு எழுதியிருக்கான், எடுக்க மாட்டான்.”

“அது கெடக்கட்டும். மீனு செத்த அன்னைக்கு அவன் எங்க இருந்தானாம்?”

“டவுன்ல. காலையில இருந்து. நீதானே சொன்ன?”

“டவுன்ல இருந்தவனுக்கு, எதத் தொறந்தா பாலாகும்னு அன்னைக்கே எப்படித் தெரிஞ்சிச்சு?”

சசிக்குமார் தாளை மறுபடி வாசித்தான். உதடு அசையாமல் ஒருமுறை, அசைத்து ஒருமுறை. கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, தாளை இரண்டு விரலால் நுனியில் பிடித்து மேசையில் வைத்தான், ஈரம் படாமல்.

“பஸ்ஸுல வந்தவங்களுக்குப் படங்காட்டியிருக்கான்” என்றான் மெதுவாக.

அவள் தலையை ஆட்டினாள். வெள்ளை சுழல்வதைக் காட்ட மோட்டாரைப் போட்டிருப்பான். நீர் விழுவதைக் காட்டச் சொட்டையும் முழுக்கத் திறந்திருப்பான். ‘நான் செஞ்சது’ என்றும் சொல்லியிருப்பான். ஆட்கள் கைதட்டியிருப்பார்கள். அவர்கள் போனபிறகு தொட்டியைப் பார்த்துவிட்டு, ஒட்டியிருந்த தாளைக் கிழித்துப் பையில் போட்டுக்கொண்டு டவுனுக்குப் போயிருப்பான்.

பாதி எழுதிய பன்னிரண்டு படித் தாளை அவள் எடுத்தாள். அதை அனுப்பியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசிக்க இப்போது அவளுக்கு நெஞ்சு கூசியது. புது மீன்களும் செத்திருக்கும், அவளுடைய கையெழுத்தில். அவன் விசாரணையில் சொன்ன பொய்யை அவளே உண்மையாக்கிக் கொடுத்திருப்பாள். தாளை நாலாகக் கிழித்து அடுப்பில் போட்டாள். வாளி நீரை வடிகானில் கொட்டினாள்.

அதனால் கோபம் தணிந்துவிட்டது என்று நினைக்கக் கூடாது. இதுவரை கைக்கு எட்டாமல் சுற்றிக்கொண்டிருந்த கோபத்துக்கு இப்போது ஒரு பிடி கிடைத்திருந்தது. கேட்டது இவன். எழுதியது இவன். கையெழுத்து இவனுடையது. விடுதியின் தாளில், நாள் போட்டு.

புதிய தாளை எடுத்தாள். ‘கனம் முனவ்வரா மேடம் அவர்களுக்கு’ என்று தொடங்கினாள். பெயர், பழைய பதவி, வேலை நீக்கக் கடிதத்தின் இலக்கமும் திகதியும். அழுகை, புலம்பல், ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்ற பேச்சு எதுவும் இல்லை.

‘ஒன்று. கருவியைச் செய்தவர் நான் என்று தங்கள் கூட்டக் குறிப்பின் நாலாம் வரி கூறுகிறது. அது சரி. அப்படியிருக்க, எட்டு மாதமாக அதைத் தன்னுடையது என்று விருந்தினரிடம் சொன்னவர், அதை எப்படி ஓட்டுவது என்று என்னிடம் எழுத்தில் கேட்டிருக்கிறார். அவருடைய தாளின் பிரதியை இணைத்திருக்கிறேன்.

‘இரண்டு. அந்தத் தாளில் நான் கோடிட்ட வரியைத் தயவுசெய்து வாசிக்கவும். சம்பவ தினம் காலையிலிருந்து மாத்தளை டவுனில் இருந்ததாகத் தங்கள் முன்னிலையில் சொன்னவர், தொட்டி எதனால் பாலானது என்பதை அன்றைக்கே கண்டுகொண்டதாக எழுதியிருக்கிறார். எங்கிருந்து கண்டார் என்று அவரையே கேட்கவும்.

‘மூன்று. தங்களுக்கு இது தெரிய வேண்டாம் என்று அவர் எழுதியிருப்பதால், தெரியப்படுத்துவது என் கடமை என்று கருதினேன்.’

மூன்றாவதை எழுதிவிட்டு, அவளே அதை ரசித்து இன்னொரு முறை வாசித்தாள்.

‘நான்கு. அசல் தாள் என்னிடம் இருக்கிறது. அவரும் இருக்கும்போது மட்டுமே அதைக் கொண்டு வந்து காட்டுவேன். கூட்டக் குறிப்பின் ஆறாம் வரி திருத்தப்பட்டு, அந்தத் திருத்தம் பலாபத்வல, உக்குவளை, மாத்தளை ஆகிய இடங்களில் என்னைத் திருப்பி அனுப்பியவர்களுக்கு மைக்கல் அவர்களின் கையெழுத்திலேயே அறிவிக்கப்பட வேண்டும். அதன் பின் கருவியை நானே வந்து ஓட்டித் தருவேன்.’

“மீனு அதுவரைக்கும் கெடக்குமாக்கா?” என்று கேட்டான் சசிக்குமார். தோளுக்கு மேலால் அவன் ஒவ்வொரு வரியாகப் பின்தொடர்ந்து கொண்டிருந்தான். “செத்தா சாகட்டும்னு விடு. அவனுக்குத்தானே கேடு.”

அவள் ஐந்தாவதை எழுதினாள்: ‘அதுவரை மேற்குப் பக்க ஜன்னல்கள் இரண்டை நாள் முழுக்கத் திறந்து வைக்கவும். மீன்கள் சாகாது. மைக்கல் அவர்களின் மேசை அந்த ஜன்னலுக்குக் கீழே இருப்பதால் அவருக்குச் சற்றுக் குளிரும்.’

சசிக்குமார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அந்தக் கடைசி வாக்கியத்தை வெட்டவா என்று அவள் யோசித்தாள். வெட்டவில்லை.

வெள்ளிக்கிழமை காலை றத்தோட்டை பஸ் நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் மைக்கலின் தாளை மூன்று பிரதியும் வேலை நீக்கக் கடிதத்தை ஒரு பிரதியும் எடுத்தாள். ஒன்றில் அந்த வரியின் கீழ் சிவப்புப் பேனாவால் அடிமட்டம் வைத்துக் கோடு போட்டாள். தபாற்கந்தோர் வாசலில் அழகமுத்து, கையில் சந்தைப் பையோடு, அவளைக் கண்டு நின்றார்.

“பதில் இருக்கா புள்ள?”

“இருக்கு. மேடத்துக்கு எழுதியிருக்கேன், அவங்ககிட்ட கேட்டுக்கச் சொல்லுங்க.”

அவர் அவள் கையிலிருந்த உறையைப் பார்த்தார். தடித்த உறை. விலாசம் விடுதிக்கு இல்லை. அங்கே தபால் முதலில் மேனேஜரின் கைக்குத்தான் போகும். அவள் மாத்தளை டவுனில் மேடத்தின் வீட்டு விலாசத்தை எழுதியிருந்தாள்.

“இன்னைக்கே சொல்லவா?” என்று கேட்டார் அழகமுத்து.

“தாராளமா சொல்லுங்க. சனி, ஞாயிறு ரெண்டு நாளும் அந்தாளு தூங்காம இருக்கட்டும்.”

அவருக்குச் சிரிப்பு வந்து பாதியில் நின்றது. பிறகு பையைக் கீழே வைத்தார். “அன்னைக்கு அவரு பதினொரு மணிக்கு மண்டபத்துல நின்னாரு புள்ள. கைதட்டுற சத்தம் குசினிக்குக் கேட்டுச்சு. எட்டிப் பாத்தேன்.” தொண்டையைச் செருமினார். “மேடம் இனிமே கேட்டா சொல்லிருவேன்.”

“அன்னைக்கும் கேட்டாங்களே அண்ணே.”

அவள் இன்னும் ஒட்டாத உறையிலிருந்து கடிதத்தை எடுத்து, அதன் அடியில் ஆறாவதாக ஒரு வரி சேர்த்தாள்: ‘பதினொரு மணிக்கு மண்டபத்தில் நின்றது யார் என்பதை அழகமுத்து அவர்களிடம் கேட்கவும், கேட்டால் சொல்வதாக இன்று என்னிடம் கூறினார்.’ எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் முகம் வெளிறியது. வேண்டாம் என்று மட்டும் சொல்லவில்லை. பையை எடுத்துக்கொண்டு சந்தைப் பக்கம் நடந்தார், வழக்கத்தைவிட மெதுவாக.

உள்ளே ஒரே ஒரு ஆள்தான் வரிசையில் நின்றார். ரஜிதா மேசையோரம் போய்த் தாள்களை வரிசைப்படி அடுக்கினாள். கடிதம் இரண்டு பக்கம், பிரதி ஒன்று, வேலை நீக்கக் கடிதத்தின் பிரதி ஒன்று. மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தாள். அங்கிருந்த பசைப் போத்தலின் தூரிகையால் ஓரம் விடாமல் தடவி, மூடியை மடித்து, உள்ளங்கையால் நூறு எண்ணும்வரை அழுத்திப் பிடித்தாள்.

பதிவுத் தபால் என்றாள். வாங்கியவரின் கையெழுத்தோடு அட்டை திரும்பி வர வேண்டும் என்றும் சொன்னாள். கவுண்டரிலிருந்தவர் உறையைத் தராசில் வைத்தார், முத்திரைகளை நக்காமல் ஈரப் பஞ்சில் தொட்டு ஒட்டினார், இலக்கம் எழுதிய சீட்டைப் பதித்தார். ரஜிதா அந்த இலக்கத்தைத் தன் கொப்பியில் குறித்துக்கொண்டாள்.

“மாத்தளைதானே, நாளைக்கு கெடைக்குமா?”

“பதினொன்னேகால் பஸ்ஸுல பை போகுது. நாளைக்குக் கைக்குப் போயிரும்.”

அவர் உறையின் மேல் இரண்டு முறை முத்திரை குத்தி, பின்னால் தொங்கிய பைக்குள் போட்டார்.